உப்பைத் தின்னாத இயந்திரம்

யாழ்ப்பாணத்து வீடுகளில் அதிகாலையில் முதன்முதல் அடுப்பில் ஏறுவது தேநீர்க் கேத்தில். அந்தக் கேத்திலின் உட்புறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாத இல்லத்தரசியர் எவரேனும் உளரோ? சுவர் முழுவதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படை. தேசிக்காயும் புளியும் இட்டுத் தேய்த்தால் ஒருநாள் பளிச்சிடும். மறுவாரம் பார்த்தால் அதே கோலம். குளிக்கும் அறையிலோ சவர்க்காரம் நுரைக்க மறுக்கும். வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்பேறும். தலைமயிர் சடைபிடிக்கும். குற்றம் கேத்திலிலும் இல்லை, சவர்க்காரத்திலும் இல்லை. குற்றம், அதனைக் குற்றம் என்று சொல்லலாமாயின், கிணற்று நீரில் இருக்கிறது.

இத்தொல்லைக்குப் பரிகாரமாகச் சில வீட்டார் நீரை மென்மையாக்கும் இயந்திரத்தை வாங்கிப் பொருத்துகின்றனர். புதிதாய் இருக்கையில் அது செய்யும் உபகாரம் பெரிது. ஆயின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், முதுமை எய்திய மனிதரைப் போல் அதற்கும் ஒவ்வொரு நோயாக வந்து சேர்கிறது. அத்தகைய இயந்திரம் ஒன்றுடன் 2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நாம் மூன்று நாட்கள் மல்லுக்கட்ட நேர்ந்தது. அதில் நாம் கற்றவற்றையும், செய்த தவறொன்றையும் ஒளிக்காமல் இங்கு கூறினால், அதே நிலையில் உள்ள குடும்பத்தார்க்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

வன்னீர் எங்கிருந்து வருகிறது?

எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் பெய்யும் மழை மண்ணில் இறங்கி, அதன்கீழ் உள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கிறது. அதனையே கிணறு வெட்டி எடுக்கிறோம். வானிலிருந்து வரும்போது மழைநீர் மென்மையானது. ஆனால் அது காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாக அரித்துத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அவ்வாறு கல்சியமும் மகனீசியமும் கரைந்த நீரே வன்னீர். அதனைக் கொதிக்க வைக்கும்போது, கரைந்த சுண்ணாம்பின் ஒரு பகுதி மீண்டும் கல்லாகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேத்திலில் நாம் காணும் வெள்ளைப் படை, எமது காலடியில் கிடக்கும் அதே கல்தான்.

நீரின் வன்மையைக் கல்சியம் காபனேற்றின் அளவாகக் கணிப்பது வழக்கம். ஒரு லீற்றரில் 60 மில்லிகிராம் வரை இருப்பின் மென்னீர். 120 முதல் 180 வரை வன்னீர். 180க்கு மேற்பட்டால் மிகுந்த வன்னீர். இவ்வன்மையால் உடலுக்குக் கேடு என்று கூறி உலக சுகாதார நிறுவனம் எல்லை எதனையும் விதிக்கவில்லை. ஆதலால் வன்னீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது கெடுப்பது எமது குழாய்களையும், நீர் கொதிக்க வைக்கும் கருவிகளையும், சவர்க்காரச் செலவையும் மட்டுமே.

மணியும் உப்பும் செய்யும் பண்டமாற்று

பழுது பார்க்கப் புகுமுன், இயந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்ளல் அவசியம். அதில் இரண்டு தாங்கிகள் உண்டு. உயரமாக, சிலிண்டர் போல் நிற்பது ஒன்று. அதனுள் ரெசின் எனப்படும் செயற்கைப் பிசின் மணிகள் நிறைந்திருக்கும். பொன்னிறமான மீன் சினை போன்று, கடுகினும் சிறியவை. மற்றையது உப்புத் தாங்கி. இரண்டையும் இணைத்து, எந்த வேளையில் எந்த வழியாக நீர் செல்லவேண்டும் என்று தீர்மானிப்பது, மணித் தாங்கியின் உச்சியில் இருக்கும் வால்வுத் தலை. அதனுள் ஒரு கடிகாரமும் உண்டு.

மணிகள் தம்மிடம் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. வன்னீர் அவற்றினூடே செல்லும்போது, நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் வாங்கிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீருக்குக் கொடுத்து விடுகின்றன. சந்தையில் நடக்கும் பண்டமாற்றுப் போன்றது இது. கையிருப்பில் உள்ள சோடியம் தீர்ந்ததும் மணிகள் வாளாவிருக்கும். அப்போது அடர்ந்த உப்புநீரை அவற்றினூடே செலுத்தினால், பிடித்து வைத்த சுண்ணாம்பை விட்டுவிட்டு மீண்டும் சோடியத்தை ஏற்றுப் புத்துயிர் பெறும். விடுபட்ட சுண்ணாம்பும் எஞ்சிய உப்பும் கழிவுக் குழாய் வழியே வெளியேறும். மண்ணுக்கு இவ்வாறான பண்டமாற்றுக் குணம் உண்டு என்பதை 1850 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொம்சன், வே என்னும் இருவர் வெளிப்படுத்தினர். செயற்கைப் பிசினால் இதனைச் செய்யலாம் என்று 1935 இல் அதே நாட்டவரான அடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் காட்டினர்.

இதனால் ஓர் உண்மை தெளிவாகிறது. இவ்வியந்திரம் உப்பைத் தின்றே உயிர் வாழ்கிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. இயந்திரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்து, உப்பை மட்டும் தின்னாதிருக்குமாயின், எங்கோ நோய் இருக்கிறது என்பது பொருள்.

அக்கா வீட்டு முறைப்பாடு

எமது தமக்கையார் உரும்பிராயில் வசிக்கிறார். அத்தான் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 2010 ஆம் ஆண்டில் அவர் தம் கையால் கொழும்பிலிருந்து தருவித்துப் பொருத்திய இயந்திரம் அது. அதனைத் துடைத்து, உப்பிட்டுப் பராமரித்ததும் அவரே. அவருக்குப் பின்னர் உப்பிடும் வேலை மாத்திரம் அக்காவின் பொறுப்பாயிற்று. மற்றவை எவர் பொறுப்பிலும் இல்லை.

"தம்பி, நீர் பழையபடி கல்லாய்ப் போய்விட்டது. வந்து பார்த்த ஆள், இது கிழட்டுச் சாமான், கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்கிறார்," என்றார் அக்கா. புதிய இயந்திரத்தின் விலையோ இலட்சக் கணக்கில். விலையை விட வேறொன்று அவர் மனத்தை வருத்தியது என்பதை நாம் அறிவோம். அத்தான் பூட்டிய திருகாணிகளை வேறொருவர் கழற்றி எறிவதை அவர் விரும்பவில்லை.

நாம் சென்ற அன்று கூடத்தில் அமர்ந்திருந்த எமது அன்னையார் இரண்டு செய்திகளைச் சொன்னார். "இப்போது உப்பு வாங்கும் செலவே இல்லை. ஐந்து மாதமாய் ஒரு மூடையும் எடுக்கவில்லை." சற்றுப் பொறுத்து, "கொல்லைப்புறத்து வாழையைப் பார்த்தாயா? முன்னெல்லாம் இலை ஓரம் கருகும். இம்முறை எவ்வளவு செழிப்பு!" என்றார்.

அம்மா மகிழ்ச்சியோடு கூறிய இவ்விரண்டுமே நோயின் அடையாளங்கள். இயந்திரத்தின் கழிவுக் குழாய் வாழைப் பாத்தியில் முடிகிறது. வாழை உவர் தாங்காத பயிர். இலை கருகுவது நின்றதென்றால், உப்புநீர் கழிவுக் குழாய்க்கு வரவில்லை. உப்பும் குறையவில்லை. ஆகவே உப்புத் தாங்கிக்கும் மணிகளுக்கும் இடையே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது.

முதலில் பரிசோதனை, பின்னர் திருகாணி

பழுது பார்ப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை, நோயை அறியுமுன் திருகாணியைக் கழற்றுவது. நாம் முதலில் மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்தோம். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் இயந்திரத்திலிருந்து வரும் நீர், மூன்றாவதில் பீலியில் பிடித்து வைத்த மழைநீர். மூன்றிலும் ஒரே அளவாகப் பாதிவரை நீர் நிரப்பி, சீவிய சவர்க்காரத்தைச் சிறிதளவு சமமாக இட்டுக் குலுக்கினோம். துணி துவைக்கும் சலவைத் தூளை இதற்குப் பயன்படுத்தலாகாது. அது வன்னீரிலும் நுரைக்கும். மழைநீர் பொங்கி நுரைத்தது. மற்றைய இரண்டும் நுரையின்றிப் பால் திரிந்தாற்போல் கலங்கி நின்றன. இயந்திரம் ஒன்றும் செய்யவில்லை என்பது உறுதியாயிற்று. இரசாயனம் படிக்கும் மருமகன் சொட்டு மருந்து கொண்டு அளந்து, கிணற்று நீரின் வன்மை லீற்றருக்கு 350 மில்லிகிராம் என்றான்.

அடுத்து, நீர் இயந்திரத்தின் உள்ளே செல்கிறதா அல்லது அதனைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது வீட்டுக்கு நீர் கிடைப்பதற்காக ஒரு மாற்றுவழி வால்வு வைத்திருப்பர். எவரேனும் அதனைத் திறந்துவிட்டு மறந்துபோயிருந்தால், குற்றமற்ற இயந்திரத்தின் மீது பழி விழும். எமது வீட்டில் அது சரியாகவே மூடியிருந்தது.

மூன்றாவது, நீரின் அழுத்தம். பத்து மீற்றர் உயரத் தாங்கியிலிருந்து இறங்கும் நீருக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் மட்டுமே. எமது வீட்டுக் கூரைத் தாங்கிகளோ அவ்வளவு உயரமும் இல்லை. ஆனால் பெரும்பாலான இயந்திரங்கள் உப்புநீரை இழுப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு பார் வரை வேண்டும். ஆதலால் இடையே அழுத்தப் பம்பி ஒன்று அவசியம். அத்தான் அதனையும் பொருத்தியிருந்தார். அது நன்றாக ஓடியது.

கடிகாரத்தின் குற்றம்

வால்வுத் தலையின் மூடியைத் திறந்ததும் முதற் குற்றவாளி அகப்பட்டான். எமது கைக்கடிகாரத்தில் காலை 8 மணி. இயந்திரத்தின் கடிகாரமோ இரவு 9 மணி காட்டிற்று. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் பழைய வகைக் கடிகாரம் அது. 2022 ஆம் ஆண்டின் பங்குனி மாதக் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். ஒவ்வொரு தடையின்போதும் அது பின்தங்கியே வந்திருக்கிறது.

வீட்டார் உறங்கும் அதிகாலை 2 மணிக்கு மணிகளைக் கழுவும்படி அத்தான் அமைத்திருந்தார். கடிகாரம் பின்தங்கியதால், கழுவுதல் பகல் ஒரு மணிக்கு நிகழ்ந்து வந்தது. கழுவும் வேளையில் வீட்டுக்குச் செல்வது மென்மையாக்கப்படாத கிணற்று நீர். சமையலும் சலவையும் நடக்கும் நேரத்தில் வன்னீர் குழாய்களிலும் சுடுநீர்க் கருவியிலும் நிரம்பியதில் வியப்பென்ன? கடிகாரத்தைத் திருத்தினோம். காசு எதுவும் செலவில்லை. மின்தடை ஏற்பட்டால் அன்றே கடிகாரத்தைப் பார்க்கும் வழக்கம் இவ்வகை இயந்திரம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

ஆயின் கடிகாரம் மாத்திரம் காரணமாயின், கழுவியபின்னாவது நீர் மென்மையாயிருக்க வேண்டும் அன்றோ? ஆகவே மேலும் தேடினோம்.

உப்புப் பாலம்

உப்புத் தாங்கியின் மூடியைத் திறந்தால் முக்கால்வாசி உப்பு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. விளக்குமாற்றின் மரப்பிடியை எடுத்து மெல்லக் குத்தினோம். சீமெந்துத் தரையில் குத்தியது போல் டொக்கென்று ஒலித்தது. ஓரத்தில் சற்றே அழுத்தியதும் பிடி திடீரென்று உள்ளே புகுந்தது. கீழே வெறும் பொந்து! மேலுப்பு ஈரக்கசிவினால் ஒன்றோடொன்று இறுகிப் பாலம் போல் நின்றுவிட்டது. அதன்கீழ் இருந்த உப்பு முன்னரே கரைந்து தீர்ந்து, அடியில் வெறும் நீரே நின்றது. இதனை உப்புப் பாலம் என்பர். காற்றில் ஈரம் மிகுந்த எமது மாரி காலத்திலும், தாங்கியை விளிம்புவரை நிரப்பும் வீடுகளிலும் இது எளிதில் ஏற்படும்.

இரும்புக் கம்பியால் இடித்தால் தாங்கி பிளக்கும். மரத்தடியால் பல இடங்களில் மெதுவாகக் குத்தி உடைக்க வேண்டும். உடையாத இடத்தில் சிறிது சுடுநீரை ஊற்றினால் இளகும். அடியில் சேறுபோல் படிந்திருந்த உப்புத்தூளையும் மண்ணையும் மருமகன் அள்ளி வாளியிலிட்டான். இனிமேல் பாதியளவு மட்டுமே உப்பு இடுவது, ஒவ்வொரு மாதமும் தடியால் ஒருமுறை குத்திப் பார்ப்பது என்று அக்கா முடிவு செய்தார்.

ஊசித் துளை

இப்போது கையால் திருப்பி, உப்புநீரை இழுக்கும் நிலையில் இயந்திரத்தை வைத்தோம். உப்புத் தாங்கியின் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறி, கால் மணித்தியாலம் காத்திருந்தோம். கோடும் நீரும் பிரியவில்லை. அதாவது, இயந்திரம் உப்புநீரை இழுக்கவேயில்லை.

இதனை இழுப்பது ஒரு மோட்டர் அன்று. மிகச் சிறிய துளை ஒன்றே. ஒடுங்கிய வழியால் நீர் விரைந்து பாயும்போது அதன் பக்கத்தில் உறிஞ்சும் தன்மை பிறக்கும். அவ்வுறிஞ்சல் உப்புநீரை இழுத்து வரும். துளை அடைபட்டால் உறிஞ்சலும் இல்லை, உப்பும் இல்லை, மென்னீரும் இல்லை.

மின்கம்பியைக் கழற்றி, மாற்றுவழி வால்வைத் திறந்து, இயந்திரத்தினுள் இருந்த அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே திருகாணிகளில் கை வைத்தோம். இவ்வொழுங்கை எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது. சிறு மூடியைக் கழற்றியதும் அரிதட்டுப் போன்ற சல்லடையும், அதன்பின் விரல் நகமளவான துளைத் துண்டும் வெளிவந்தன. சல்லடை முழுவதும் சுண்ணாம்பும் நுண்மணலும் அப்பிக் கிடந்தன. இரண்டையும் ஒரு கோப்பை வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டோம். குமிழிகள் எழுந்து சுண்ணாம்பு கரைந்தது. எஞ்சிய மணலை ஓலை ஈர்க்கின் நுனியால் நீக்கினோம். ஊசியோ கம்பியோ இவ்விடத்தில் பயன்படுத்துவது பெரும் பிழை. துளை சிறிதளவு பெருத்தாலும் உறிஞ்சும் வலிமை குன்றிவிடும். இறப்பர் வளையங்களுக்குச் சிலிக்கன் பசையே பூசல் வேண்டும். பெற்றோலியக் களிம்பு இறப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

மீண்டும் பூட்டி, நிலையைத் திருப்பினோம். பென்சிற் கோட்டுக்குக் கீழே நீர் மெல்ல மெல்ல இறங்குவதைக் கண்டபோது மருமகன் கைதட்டினான். அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றுவிட்டார்.

உப்புத் தேநீர்

வெற்றிக் களிப்பில் நாம் ஒரு காரியத்தை மறந்தோம். மறுநாள் காலை அம்மா தேநீரை ஒரு மிடறு பருகி முகம் சுளித்தார். "சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டு விட்டீர்களா?" அக்கா வாங்கிச் சுவைத்துப் பார்த்துத் திடுக்கிட்டார். குழாய் நீர் உவர்த்தது. அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர். உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் கண்டிப்பாய்க் கூறியிருக்கிறார். அரைக் கோப்பை அதற்குள் உள்ளே போய்விட்டது. எமது கைகள் நடுங்கின என்று எழுதுவதில் வெட்கமில்லை. அழுத்தத்தை அளந்து பார்த்ததில் வழக்கமான அளவே இருந்தது. வைத்தியரும், ஒரு மிடறால் தீங்கில்லை, அந்நீரை இனிக் கொடுக்க வேண்டாம் என்றார். எனினும் அன்று நாம் காலை உணவு உண்ணவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது? துளை அடைபட்டிருந்த மாதங்களில், ஒவ்வொரு முறையும் இயந்திரம் உப்புத் தாங்கிக்குப் புதுநீரை விட்டுக்கொண்டே இருந்தது. இழுக்க வழியில்லாமையால் அந்நீர் தேங்கி உயர்ந்தது. ஓர் அளவுக்கு மேல் நிறுத்த வேண்டிய மிதவையோ உப்புப் படிந்து இறுகியிருந்தது. நாம் துளையைத் திறந்ததும், பாலம் உடைந்து விழுந்த உப்பும் கரைந்து, வழமையிலும் பன்மடங்கு உப்புநீர் மணிகளுக்குள் சென்றது. மெதுவாக அலசுவதற்கென வகுத்த நேரம் முழுவதும் உப்பை இழுப்பதிலேயே கழிந்தது. அலசல் முடியாமலே நீர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. துளையைத் திறக்குமுன், தேங்கிய நீரை வாளியால் அள்ளியெடுத்து, மிதவையைக் கழுவியிருக்க வேண்டும். இது நாம் கற்ற பாடம்.

மிதவையைச் சுடுநீரில் கழுவி, மிகுதி நீரை அள்ளி, இருமுறை அலச விட்டபின் உவர்ப்பு நீங்கிற்று. பழுது பார்த்த மறுநாள் குழாய் நீரைச் சுவைத்துப் பாராமல் முதியோருக்கும் குழந்தைகட்கும் கொடுத்தலாகாது. கழிவுக் குழாய் நெளிந்தோ சேற்றில் புதைந்தோ இருப்பினும் இதே உவர்ப்பு ஏற்படும். அக்குழாயின் முனை கழிவுநீரில் அமிழாமல், சிறிது இடைவெளி விட்டு நிற்க வேண்டும். இல்லாவிடில் அழுக்குநீர் பின்னோக்கி உறிஞ்சப்படக் கூடும்.

மணிகளின் ஆயுள்

எஞ்சியது மணிகளின் நிலை. சாதாரணமாக அவை பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். குளோரீன் கலந்த நீர் அவற்றின் ஆயுளைக் குறைக்கும். இரும்பு கலந்த நீர் அவற்றைச் செங்கபில நிறமாக்கிச் செயலிழக்கச் செய்யும். ஒரு கரண்டி மணியை எடுத்துப் பாருங்கள். உருண்டையாய், ஒளி ஊடுருவுவதாய், விரலிடையே நசுக்க உடையாததாய் இருந்தால் நலம். கூழாக நசுங்கினால் புதியன இடவேண்டும். குழாய் நீரோடு மணிகள் வெளிவரின், தாங்கியின் அடியிலுள்ள சல்லடை முறிந்துவிட்டதென அறிக. கழுவாத வேளையிலும் கழிவுக் குழாய் ஓயாது சொட்டினால், வால்வுத் தலையினுள் இறப்பர் அடைப்புகள் தேய்ந்துவிட்டன. அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. தாங்கியே வெடித்திருந்தால் மாத்திரம், கழற்றி எறிவதே புத்தி. எமது வீட்டு மணிகள் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரும் திடமாகவே இருந்தன. மூன்றாம் நாள் போத்தற் பரிசோதனையில் இயந்திர நீர் மழைநீரைப் போலவே பொங்கி நுரைத்தது.

குடிநீரும் இரத்த அழுத்தமும்

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அந்த உப்புத் தேநீர் எம்மை மேலும் சிந்திக்க வைத்தது. இயந்திரம் செவ்வையாய் வேலை செய்யும்போதும் நீரில் சோடியம் சேர்கிறது அன்றோ? கணக்கு எளியது. நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் வன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 350 மில்லிகிராம் வன்மையுள்ள எமது நீரில், லீற்றருக்கு 161 மில்லிகிராம். இரண்டு லீற்றர் பருகினால் 322. வயது வந்தோர் ஒரு நாளில் 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியத்தையே உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுகதேகிக்கு இது பெரிதன்று. ஆனால் உப்பை எண்ணி எண்ணி உண்ணும் முதியவருக்குப் புறக்கணிக்கத் தக்கதும் அன்று. ஆகவே குசினிக் குழாய் ஒன்றை இயந்திரத்தோடு தொடர்பின்றி நேரே கிணற்று நீருக்கு இணைத்தோம். குடிப்பதும் சமைப்பதும் அதிலே. சுண்ணாம்பு கேத்திலில் படிந்தாலும் அம்மாவின் நாடியில் உப்பு ஏறாது.

இன்னொன்று. மென்மையாக்கும் இயந்திரம் நீரைச் சுத்திகரிப்பதில்லை. கிருமிகளை அது கொல்லாது. தோட்டங்களில் இடும் உரத்தால் எமது கிணறுகளில் சேரும் நைத்திரேற்றையும் அகற்றாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைத் தனியே பரிசோதிப்பித்தல் நன்று.

கிணற்றுக்கும் ஒரு கணக்கு

இறுதியாக, மருமகன் ஒரு கொப்பியில் போட்ட கணக்கைக் கூறுவோம். இயந்திரத்தில் உள்ள மணி 25 லீற்றர். ஒருமுறை புத்துயிர் பெறச் சுமார் 3 கிலோகிராம் உப்பு வேண்டும். அதன்பின் அது மென்மையாக்கும் நீர் ஏறக்குறைய 3,500 லீற்றர். நாளொன்றுக்கு 600 லீற்றர் செலவிடும் வீட்டுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை கழுவல். ஆண்டுக்கு அறுபது முறை. 180 கிலோகிராம் உப்பு. அவ்வளவும் எங்கே போகிறது? வாழைப் பாத்திக்கு. அங்கிருந்து? சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே, நாம் நீர் அள்ளும் அதே நிலத்தடிக்கு. கடல் நீர் புகுந்து உவராகி விடுமோ என்று நாம் ஏற்கெனவே அஞ்சும் நிலத்தடி நீரில், மேலிருந்தும் உப்பை ஊற்றுகிறோம். எமது வீட்டுக் கேத்தில் பளிச்சிட, அயலவர் கிணறு உவர்க்கலாமா?

இயந்திரத்தைக் கழற்றி எறியவும் மனமில்லை. ஊரின் நீரைக் கெடுக்கவும் மனமில்லை. மூவரும் கூடியிருந்து ஆலோசித்தோம். சுடுநீர்க் கருவிக்கும் சலவை இயந்திரத்துக்கும் மாத்திரம் மென்னீர். மற்றைய குழாய்கள் யாவற்றுக்கும், சிறப்பாகப் பூந்தோட்டத்துக்கு, கிணற்று நீரே. இவ்வாறு செய்ததில் மென்னீரின் தேவை நாளொன்றுக்கு 200 லீற்றராகக் குறைந்தது. கழுவல் பதினேழு நாளைக்கு ஒருமுறையாயிற்று. 180 கிலோகிராம் உப்பு 65க்குள் அடங்கிற்று. முற்றும் நீங்கவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கானது. மணிகளுக்கும் ஆயுள் கூடும்.

இப்போது உப்புத் தாங்கியின் அருகே ஒரு கொப்பியும் பென்சிலும் தொங்குகின்றன. ஞாயிறு தோறும் மருமகன் உப்பின் மட்டத்தையும் கடிகாரத்தின் நேரத்தையும் குறித்து வைக்கிறான். முதற் பக்கத்தில் அத்தானின் கையெழுத்து இருக்கிறது. இயந்திரத்தைப் பொருத்திய நாளில் அவர் எழுதி வைத்த குறிப்பு அலுமாரியில் கிடந்ததை அக்கா எடுத்து அதில் ஒட்டியிருக்கிறார். மாதம் ஒருமுறை உப்பைக் குத்திப் பார்க்கவும் என்பது அதன் இரண்டாவது வரி.

நாம் விடைபெற்றபோது அம்மா திண்ணையில் இருந்து வாழையைப் பார்த்துக் கொண்டிருந்தார். "இனி இலை கருகுமோ, தம்பி?" என்று கேட்டார். "முன்னைய அளவுக்குக் கருகாது அம்மா. கழிவுக் குழாயையும் தள்ளி வைத்துவிட்டோம்," என்றோம். "அப்படியென்றால் சரி. உப்பிட்டவரை நினைக்கச் சொல்வார்கள், உப்பிடும்போது கிணற்றையும் நினைக்கத்தானே வேண்டும்," என்றார் அவர்.